ஆடியில் உரம் வேண்டாம்

நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் பேச்சு எப்படியும் தோட்டத்துக்கு வந்துவிடும். பத்து சென்ட் வைத்திருப்பவரும் பேசுவார், மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவரும் பேசுவார். சென்ற முறை அந்தப் பேச்சு சற்றுச் சூடாகிவிட்டது. ரசாயன உரமே விஷம் என்றார் ஒரு நண்பர். மூட்டை உரம் இல்லாமல் தென்னை எங்கே காய்க்கும் என்றார் இன்னொருவர். நான் இருவரிடமும், "எந்த மாதத்தில் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். சாணக்காரரும் மூட்டைக்காரரும் ஒரே பதில் சொன்னார்கள்: "ஆடியிலேதான்." அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம் குடும்பங்கள், எந்த உரம் என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட எப்போது என்பதில் காட்டுவதில்லை. விட்டு வந்த ஊரின் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இந்த ஊர் மண்ணுக்கு உரம் போடுகிறோம். அதில் பணம் போகிறது, செடியும் போகிறது. இவற்றைவிடப் பெரிய ஒன்றும் கெடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரன். என் தகப்பனார் கோடையில் ஆட்டுக்கிடை போடுவார். ஆனி, ஆடியில் வண்டி வண்டியாகக் குப்பை அடித்துப் பரப்புவார். விதைப்பு புரட்டாசியில்தான். இடையில் இரண்டு மாதம் குப்பை நிலத்தில் கிடந்தாலும் ஒன்றும் குறையாது. கரிசல் களிமண் அல்லவா? பிடித்ததை விடாது. தவிரவும் அங்கே ஆடியில் காற்றுதான் அடிக்குமே ஒழிய மழை எங்கே பெய்யும்? "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதைக் கேட்டு வளர்ந்த காது இது. ஆடி என்றால் நிலத்தைக் கவனிக்கும் மாதம் என்று அதில் பதிந்துபோய்விட்டது.

வங்கிப் பணி நிமித்தமாக 1987-ல் நெய்யாற்றின்கரைக்கு வந்தேன். நான்கு ஆண்டு கழித்து உதியன்குளங்கரைக்கு அருகில் பத்து சென்ட் வாங்கி வீடு கட்டினேன். ஐந்து தென்னை, பத்துப் பன்னிரண்டு மூடு வாழை, கிணற்றோரம் கறிவேப்பிலை, என் துணைவியார் தோவாளையிலிருந்து கொண்டுவந்து வைத்த பிச்சி. இவ்வளவுதான் என் ஆஸ்தி. முதல் ஆடியிலேயே தகப்பனார் செய்தபடி ஒரு வண்டிச் சாணமும் அரை மூட்டை உரமும் இறக்கினேன். இரண்டு நாளில் கர்க்கடக மழை பிடித்துக்கொண்டது. சாணம் மிதந்து வாசல் வழியாக ரோட்டுக்குப் போனதை நானே குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பக்கத்து விளைக்காரர், எழுபதைத் தாண்டிய அண்ணாச்சி ஒருவர், வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். மலையாளம் பாதி, தமிழ் பாதி கலந்த எல்லைப் பேச்சு அவருடையது. "ஸாரே, கர்க்கடகத்திலே வளம் போட்டா அது நெய்யாத்துக்குப் போவும், தெங்கு மூட்டுக்குப் போவாது" என்றார். (உரத்துக்கு இங்கே வளம் என்று பெயர். நல்ல தமிழ்ச் சொல்தான், நாம் வேறு பொருளில் வைத்திருக்கிறோம்.) அடுத்த ஆண்டும் நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா! மூன்றாம் ஆண்டுதான் அவரிடம் போய் முறையாகக் கேட்டேன்.

இந்தப் பகுதியின் பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். இஞ்சிவிளை, அமரவிளை, எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை. எல்லாம் விளை. விளை என்றால் மேட்டுத் தோட்டம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மண்ணும் மழையும் மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே இது மலையாளி, தமிழன் என்ற விஷயம் அன்று. களியக்காவிளைத் தமிழருக்குத் தெரிந்தது கோவில்பட்டித் தமிழனுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பாலராமபுரத்துச் சாலியர் தெரு நெசவாளர்களின் முன்னோர் பாலராமவர்மா மகாராஜா ஆண்ட 1798-1810 காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்த மழை பழகியிருக்கும். நமக்கு முப்பது ஆண்டு போதவில்லை போலும்.

இங்கே மேட்டு நிலம் பெரும்பாலும் சிவந்த சரள் மண், தோண்டினால் வெட்டுக்கல். நீரைப் போலவே சத்தையும் அது பிடித்து வைப்பதில்லை. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் பெருமழையில் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. மணிச்சத்து மட்டும் போகாது. புளிப்பு மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைக் கட்டிப்போட்டுவிடும், அது செடிக்கும் எளிதில் கிடைக்காது. மழையோ ஆண்டுக்கு இரண்டு முறை. இடவப்பாதி என்று இங்குள்ளோர் சொல்லும் தென்மேற்கு மழை ஜூனில் தொடங்கும். ஐப்பசியில் துலாவர்ஷம், அதாவது நம் ஊர் வடகிழக்குப் பருவமழை. வடகேரளத்தை நோக்க இங்கே மழையின் அளவு குறைவுதான், ஆனால் இரண்டு மழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஆவணி, புரட்டாசியில் வெயிலும் ஈரமும் கலந்த சில வாரங்கள் கிடைக்கும். அந்த அண்ணாச்சியின் கணக்கு முழுவதும் அந்த வாரங்களைப் பற்றியதுதான்.

அவர் சொன்னதும் காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே என்பதைப் பிற்பாடு அறிந்தேன். 1916-ல் தென்னைக்கென்று தொடங்கப்பட்ட பழைய நிலையம் அது. காய்க்கும் தென்னைக்கு ஆண்டு உரத்தை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை மே, ஜூனில் மழை தொடங்கும்போதும் மீதி இரண்டு பங்கை மழை தணிந்தபின் புரட்டாசி வாக்கிலும் இட வேண்டும். அடிமரத்தை ஒட்டிக் கொட்டக் கூடாது. சுமார் 2 மீட்டர் சுற்றளவில் தடம் எடுத்து, அதற்குள் தூவி மண்ணோடு கிளறி மூட வேண்டும். சுற்றளவு என்றா சொன்னேன்? தவறு. மரத்திலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 2 மீட்டர். சத்தை எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன.

அளவிலும் ஒரு சேதி இருக்கிறது. நன்கு பராமரிக்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 500 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல்சத்து 1200 கிராம் என்பது பரிந்துரை. சாம்பல்சத்து மற்ற இரண்டையும் கூட்டினாலும் அதிகம். நம்மவர் வாங்குவது என்ன? கடைக்குப் போய் "தென்னைக்கு உரம்" என்றால் பெரும்பாலும் பாக்டம்பாஸ்தான் கையில் வரும். கேரளத்துக்காரருக்கு ஆலுவாவுக்கு அருகிலுள்ள உத்யோகமண்டல் ஆலையின் மேல் ஒரு பாசம். 1947-லேயே உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, பாசம் இருப்பதில் தவறில்லை. உரமும் நல்ல உரம். ஆனால் அதில் நூற்றுக்கு 20 தழைச்சத்து, 20 மணிச்சத்து, கொஞ்சம் கந்தகம். சாம்பல்சத்து சுத்தமாகக் கிடையாது. தென்னையும் வாழையும் அதிகம் கேட்பது எதுவோ அது இல்லாத மூட்டையை ஆண்டுதோறும் கொட்டுகிறோம். கேரள மண்ணில் பல இடங்களில் மணிச்சத்து ஏற்கெனவே தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது என்று மண் பரிசோதனைகள் காட்டிய பின்னும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

முன்பெல்லாம் இந்தக் குறை தெரியவில்லை. வீட்டுக்கு வீடு விறகடுப்பு இருந்தது, சாம்பல் இருந்தது. அடுப்படிச் சாம்பல் கூடையோடு வாழை மூட்டுக்குப் போகும். நம் முன்னோர் பெயர் வைத்தபோதே சாம்பல்சத்து என்று வைத்துவிட்டார்கள், அதற்கு மேல் விளக்கம் எதற்கு? கேஸ் அடுப்பு வந்தது, பெண்களுக்குப் புகையிலிருந்து விடுதலை கிடைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை. சாம்பல் நின்றுபோன இடத்தில் பொட்டாஷ் வாங்கிப் போட வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தேங்காய் மட்டையிலும் இந்தச் சத்து உண்டு. அதை விற்காமல் தடத்தில் குழிந்த பக்கம் மேலாக அடுக்கிப் புதைத்தால் கோடையில் ஈரத்தையும் காக்கும்.

சாம்பல் கிடைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு வருடம் சொந்த ஊர்க் கோவில் கொடைக்குப் புறப்படும் அவசரத்தில், ஒரே வேலையாக முடியட்டும் என்று சாம்பலையும் பாக்டம்பாஸையும் ஒன்றாகக் கலந்து தூவினேன். சிறிது நேரத்தில் கண் எரியும்படி ஒரு நெடி. துணைவியார் கழிவறைக் குழாய்தான் உடைந்துவிட்டது என்று சத்தம் போட்டார். அந்த நெடி நான் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போகும் வாசனை. சாம்பல், சுண்ணாம்பு இரண்டும் காரத்தன்மை உள்ளவை. அம்மோனியா உள்ள உரத்தோடு சேர்ந்தால் அதை ஆவியாக்கிவிடும். சுண்ணாம்பு முதலில், இரண்டு வாரம் கழித்து உரம் என்பது ஒழுங்கு. சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்ததும் தென்னைக்கு ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு இட்டால் மண்ணின் புளிப்பு தணிந்து, அடுத்து வரும் உரம் பயன்படும். செலவு குறைந்த இந்த வேலையைத்தான் நம்மவர் அறவே செய்வதில்லை. கரிசலில் சுண்ணாம்புக் கல் ஏராளம், அங்கே யார் சுண்ணாம்பு போடுவார்கள்? பழக்கமில்லை.

நிற்க. முன்பு பெரிய ஒன்று என்று சொன்னேனே, அது கிணறு.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் கலக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் கிணற்று நீரைச் சோதித்துவிடுங்கள் என்றார். எங்கள் கிணற்று நீர் கண்ணாடி போல இருக்கும், சுவையும் நன்று. போதாக்குறைக்கு இந்த ஊர் வழக்கப்படி சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். எதற்குச் சோதனை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். கிருமி இல்லை என்று வந்தது. ஆனால் நைட்ரேட் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கோ அது இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்து உடம்பை நீலம் பாரிக்கச் செய்யலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

அந்த வாழை மூடுகள் கிணற்றிலிருந்து எட்டு அடியில் இருந்தன. ஒவ்வோர் ஆடியிலும் யூரியா, அதன் மேல் மழை. கீழே சரள் மண். அது வேறு எங்கே போகும்? வாதத்துக்காக உரத்தின் மீது மட்டும் பழி போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கழிவுக் குழியும் பக்கத்தில்தான் இருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் ஏழரை மீட்டராவது வேண்டும் என்று கேரளக் கட்டட விதி சொல்கிறது, எங்கள் வீட்டில் அது இல்லை. குழியை மாற்றினேன், வாழையையும் மாற்றினேன், கிணற்றைச் சுற்றி உரமே போடுவதில்லை. மறு ஆண்டு சோதனையில் அளவு எல்லைக்குள் வந்தது. இரண்டில் எது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பேரனுக்கு மூன்று மாதம் கேன் தண்ணீர் வாங்கிக் காய்ச்சிய நாட்களை நினைத்தால், வாழைத்தாரின் எடை பற்றிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது.

சாணம் என்றால் இந்தக் கெடுதல் இல்லை என்று சாணக்கார நண்பர் சொல்வார். மக்கிய சாணம் சத்தை மெல்ல மெல்ல விடும் என்பது உண்மை. சரள் மண்ணுக்கு நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும் தன்மையைத் தருவதும் அதுதான். தென்னைக்கு ஆண்டுக்கு 25 கிலோவாவது வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பச்சைச் சாணமும் கோழிக் கழிவும் கிணற்றோரத்தில் கர்க்கடக மழையில் கிடந்தால் அவையும் கிணற்றுக்குள்தான் போகும், கிருமியையும் சேர்த்துக்கொண்டு.

அப்படியானால் நான் இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். சித்திரைச் சுண்ணாம்பைச் சொல்லிவிட்டேன். இடவப்பாதி மழை நன்றாக இரண்டு நாள் பெய்து ஓய்ந்ததும் தடம் திறந்து, வேலியில் நிற்கும் சீமைக்கொன்றைத் தழையையும் சாணத்தையும் நிரப்பி, உரத்தில் ஒரு பங்கு. திருவாதிரை ஞாற்றுவேலை, அதாவது ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும், கம்பு நட ஏற்ற காலம். மிளகுக் கொடியும் பிச்சிக் கம்பும் நடுவேன், உரப்பை பக்கம் போக மாட்டேன். ஆடி முழுவதும் கை கட்டி இருப்பேன். முதல் இரண்டு ஆண்டு அது பெரிய பாடாக இருந்தது. ஆவணி கழிந்து வெயில் முகம் காட்டியதும் மீதி இரண்டு பங்கு. அதையும் பஞ்சாங்கத் தேதி பார்த்துப் போடக் கூடாது. 2021 நவம்பரில் பாறசாலைப் பக்கம் இருப்புப் பாதையில் மண் சரிந்து ரயில் நின்ற மழை நினைவிருக்கும். அந்த ஆண்டு ஐப்பசி வரை தள்ளிப்போட்டவர்களின் உரம் முழுவதும் ஓடைக்குப் போயிற்று. நாலு நாள் வானிலை அறிவிப்பைக் கேட்டு, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டு நிற்கும் ஈரத்தில், மாலையில் போடுவதே என் வழக்கம். மார்கழி முதல் மாசி வரை நீர் பாய்ச்ச வசதி இல்லாத மரங்களுக்கு உரம் இல்லை. காய்ந்த வேரில் உப்பு விழுந்தால் இலையோரம் கருகும்.

வாழை மட்டும் வேறு கணக்கு. ஏத்தன் வாழைக்கு உரத்தை ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகம். நட்ட ஒரு மாதத்திலிருந்து மாதம் ஒன்றாக ஐந்து, குலை முழுதும் வெளிவந்தவுடன் ஒன்று. குறுகிய நாளில் நிறையச் சாப்பிடும் பயிர், ஒரே வேளையில் அவ்வளவையும் போட்டால் எப்படித் தாங்கும்? பிச்சிக்கும் மல்லிகைக்கும் கவாத்து முடிந்தவுடன் கொடுப்பதுதான் பூவாக வரும். கவாத்து செய்யாத கொடிக்கு எவ்வளவு போட்டாலும் இலைதான். மாடித் தொட்டிக்காரர்களுக்கு மழைக் கவலை பாதிதான். கடலைப் பிண்ணாக்கைச் சாணத்தோடு நாலைந்து நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு நீர் விட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். நாற்றத்துக்கு மேல்மாடிக்காரர் சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் நம் வீடுகளில் அதற்குப் புளித்த மோர் ஊற்றாத மாமியார் கிடையாது. ஊரில் சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும். அங்கே புளிப்பு கொஞ்சம் உதவியிருக்கலாம். இங்கே மண்ணே புளிப்பு. இங்கே வெளுப்பது பெரும்பாலும் கீழே உள்ள முதிர்ந்த இலை. நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். அது மக்னீசியக் குறை, இந்த மண்ணில் சர்வ சாதாரணம். அதற்கு மோர் உதவாது. மோரை நாம் குடித்துவிட்டு, ஒரு பிடி மக்னீசியம் சல்பேட்டைத் தள்ளித் தூவி நீர் விட்டால் புதிய இலைகள் பச்சையாக வரும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1987 முதல் கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் கிருஷி பவன் இருக்கிறது. மண் மாதிரியை அங்கே கொடுத்துப் பரிசோதிக்க வழி செய்துகொள்ளலாம். நம்மில் எத்தனை பேர் அதன் படியை மிதித்திருக்கிறோம்? விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும், அதிகாரி என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். ரேஷன் கார்டுக்கு மட்டும் அந்தத் தயக்கம் நமக்கு வருவதில்லை. நம் சங்கத்தில் மலையாளம் சரளமாக எழுதும் இளைஞர்கள் நிறைய உண்டு. வரும் சித்திரைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர் வீட்டு மண்ணையும் கிணற்று நீரையும் சேகரித்துப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் பணியைச் சங்கம் ஏற்கலாம் என்பது என் யோசனை. சோதனைக் கட்டணம் ஒரு மூட்டை உரத்தின் விலையில் சிறு பகுதிதான். கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் விளையைப் பிள்ளைகள் மனைகளாக்கிவிட்டார்கள். வேலியோரம் அவர் நட்டுக் கொடுத்த மிளகுக் கொடி எங்கள் பக்கத்துத் தென்னையில் ஏறி நிற்கிறது. அதற்கும் இந்த ஆடியில் ஒன்றும் போடவில்லை. பிச்சிக் கம்பு வேண்டும் அன்பர்கள் அடுத்த ஞாற்றுவேலைக்குள் சொன்னால், சங்கக் கூட்டத்துக்கு வரும்போது வெட்டி எடுத்து வருகிறேன்.